குடும்பத்தோடு சென்றார்

திருச்சபை வரலாறுகளைப் புரட்டுகிறவர்களுக்கு ஒரு வாக்கியம் பழகிப்போயிருக்கும். இன்னார் மனந்திரும்பினார், ஞானஸ்நானம் பெற்றார், இறையியல் பயில (அல்லது பயிற்றுவிக்க) குடும்பத்தோடு இன்ன ஊருக்குச் சென்றார். ஆண்டும் ஊரும் மாறும், ஞானஸ்நானம் கொடுத்தவர் பெயரும் மாறும். 'குடும்பத்தோடு' என்ற சொல் மட்டும் அப்படியே இருக்கும்.

தமிழ் படித்தவளுக்கு இந்த 'ஓடு' உறுத்துகிறது. உடனிகழ்ச்சிப் பொருளில் வரும் 'ஒடு' உருபு உயர்ந்தவர் பெயரோடுதான் ஒட்டும் என்கிறார் தொல்காப்பியர். ஆசிரியரோடு மாணவர் வந்தார் என்று சொல்லலாம், மாற்றிச் சொல்லக் கூடாது. அந்தக் கணக்கில் 'மனைவியோடு சென்றார்' என்றால் மனைவிதான் தலைமை, கணவர் கூடப் போனவர்! நம் வரலாற்றாசிரியர்கள் அந்தப் பொருளில் எழுதவில்லை என்பது தெரிந்ததுதான். அவர்கள் எழுத்தில் 'ஓடு' பெட்டி படுக்கைக்குப் பக்கத்தில் நிற்கிறது. எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றதும், 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' வெளியிட்டதும் எம்.ஏ. மாணவிகளுக்கு மனப்பாடம். அவர் மனைவியின் பெயரைத் தேர்வில் யாரும் கேட்டதில்லை.

கூடப் போன பெண்களில் மிகச் சிலரே தாங்கள் போன கதையைத் தாங்களே எழுதினார்கள். அவர்களுள் முதலில் வைக்கத்தக்கவர் மராத்தியர் லக்ஷ்மிபாய் திலக். அவர் போன ஊர் அகமத்நகர்; இப்போது அதை அகில்யாநகர் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். போவதற்கு அவர் ஐந்தாண்டுக் காலம் எடுத்துக்கொண்டார். அந்தக் காலத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அதற்கு முன் நம் பக்கத்துச் செய்தி ஒன்று. அகமத்நகரில் பணியாற்றிய அமெரிக்க போர்டு மிஷன்தான் யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் பணியாற்றியது. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1823இல் அவர்கள் தொடங்கிய செமினரி தமிழுக்குச் சி. வை. தாமோதரம்பிள்ளையைக் கொடுத்தது. அடுத்த ஆண்டே உடுவிலில் பெண்களுக்கு விடுதிப்பள்ளி தொடங்கினார்கள். தெற்காசியப் பெண்கல்வியில் உடுவிலுக்குப் பெரிய இடம் உண்டு. ஆனால் மிஷனரிகள் அதைத் தொடங்கியதற்கு ஒரு காரணம் வெளிப்படையானது: செமினரியில் படித்து வெளிவரும் கிறிஸ்தவ இளைஞர்களுக்குப் படித்த கிறிஸ்தவ மனைவிகள் வேண்டும். படிப்பு முடியும்வரை இருந்து கிறிஸ்தவரை மணக்கும் பெண்ணுக்கு மிஷனே சீதனம் கொடுத்தது. ஊரின் சீதன வழக்கத்தை எதிர்த்துப் பேசியவர்கள் அதே வழக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் பெண்களைப் பள்ளிக்குள் கொண்டுவந்தார்கள். எனக்கு இதில் அவர்களைப் பழிக்கத் தோன்றவில்லை. வேறு வழியில் அந்தக் காலத்து யாழ்ப்பாணத்துத் தாய்தகப்பன் மகளை அனுப்பியிருக்க மாட்டார்கள். ஆனால் போதகரின் மனைவி என்ற பதவி, ஒரு பெண்ணின் விசுவாசத்துக்கு முன்பே அவளுக்காகத் தயாராக இருந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

லக்ஷ்மிபாய்க்கு அப்படி எந்தத் தயாரிப்பும் இல்லை. 1868இல் நாசிக்கை ஒட்டிய ஜலால்பூரில் சித்பாவன பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்த வீட்டுப் பெயர் மனகர்ணிகா, மனு என்று கூப்பிடுவார்கள். 1857 கிளர்ச்சியை ஒட்டி அவருடைய தாத்தா தூக்கிலிடப்பட்டார். அந்த அதிர்ச்சியில் மனுவின் அப்பாவுக்குத் தீட்டைப் பற்றிய பயம் பித்தாக முற்றியது. கடையிலிருந்து எது வந்தாலும் கழுவ வேண்டும். உப்பும் சர்க்கரையும்கூடக் கழுவாமல் வீட்டுக்குள் வரக் கூடாது. உப்பைக் கழுவினால் என்ன மிஞ்சும்? அந்த வீட்டுப் பெண்கள் மிஞ்சியதை வைத்துச் சமைத்தார்கள். இதையெல்லாம் லக்ஷ்மிபாய் பின்னாளில் சிரித்துக்கொண்டே எழுதினார். வாசிக்கும் நாமும் சிரிக்கிறோம். சிரித்து முடித்த பிறகுதான், அந்த வீட்டில் காலையிலிருந்து இரவுவரை தண்ணீர் சுமந்தது யார் என்ற கேள்வி வருகிறது.

பதினொரு வயதில் திருமணம். மாப்பிள்ளை நாராயண் வாமன் திலக், கவிஞர். 'கேசரி' நடத்திய பால கங்காதர திலகரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதே ரத்னகிரி மாவட்டம், அதே சித்பாவனர், ஆனால் வேறு ஆள். நாராயண் திலக் ஓரிடத்தில் நிற்காதவர். ஒரு வேலையை விட்டு இன்னொரு வேலை, ஓர் ஊரை விட்டு இன்னோர் ஊர். சொல்லாமல் கிளம்பிவிடுவார். கையில் காசு இருந்தால் கேட்டவருக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வருவார். கோபம் பொசுக்கென்று வரும், அன்பும் அப்படியே. மனைவிக்கு எழுதப் படிக்கக் கொஞ்சம் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். பள்ளிக்கூடம் போகாத லக்ஷ்மிபாய்க்குக் கிடைத்த கல்வி, கணவருக்குப் பொறுமை இருந்த நாட்களில் கிடைத்த கல்வி.

1893இல் ராஜ்நந்த்காவ்ங்குப் போகும் ரயிலில் ஒரு வெள்ளைக்காரர் திலகரிடம் புதிய ஏற்பாட்டைக் கொடுத்தார். கிறிஸ்தவ வரலாறுகள் இந்த ரயில் பெட்டியை விரிவாக வர்ணிக்கின்றன. திலகர் படித்தார், மலைப்பிரசங்கத்தில் மனம் தோய்ந்தார், இரண்டாண்டு தனக்குள் போராடினார். 1895 பிப்ரவரி 10 அன்று மும்பையில் ஞானஸ்நானம் பெற்றார். துக்காராம் கட்டிய பாலத்தின் வழியாகத்தான் கிறிஸ்துவின் காலடிக்கு வந்தேன் என்று பின்னாளில் சொன்னவர் அவர். அந்தப் பாலத்தில் நடந்தபோது பக்கத்தில் மனைவி இல்லை. லக்ஷ்மிபாய் சின்னப் பையன் தத்துவோடு பிறந்தகத்துச் சுற்றத்தாரிடம் இருந்தார். செய்தி அவருக்குப் பிறகு வந்து சேர்ந்தது.

அன்றைக்கு அவர் யார்? கைம்பெண் அல்ல, கணவர் உயிரோடு இருக்கிறார். சுமங்கலியும் அல்ல, கணவர் சாதிக்கு வெளியே போய்விட்டார். மதம் மாறியவருக்கு உயிரோடிருக்கும்போதே ஈமச்சடங்கு செய்துவிட்ட குடும்பங்கள் அந்தக் காலத்தில் உண்டு. தமிழில் இந்த நிலைக்குச் சொல் இருக்கிறது: வாழாவெட்டி. அந்தச் சொல்லை அவள் செய்த குற்றத்தைச் சொல்வதுபோல ஊர் சொல்லும்.

சட்டம் என்ன சொன்னது என்பதையும் பார்க்கலாம். 1850இல் வந்த சாதித் தடைகள் நீக்கச் சட்டம், மதம் மாறியவரின் சொத்துரிமை போகாது என்றது. 1866இல் மதம் மாறியோர் திருமணக் கலைப்புச் சட்டம் வந்தது. கிறிஸ்தவரான ஒருவரை அவருடைய இந்துத் துணை கைவிட்டால், கிறிஸ்தவரானவர் நீதிமன்றம் போகலாம். மதத்தைக் காரணமாக வைத்துத்தான் சேர்ந்து வாழ மறுக்கிறாயா என்று நீதிபதி துணையிடம் கேட்பார். மறுத்தால் ஓராண்டு தள்ளிவைப்பார். அதற்குப் பிறகும் மறுத்தால் திருமணம் கலைக்கப்படும், இருவரும் மறுமணம் செய்துகொள்ளலாம். காகிதத்தில் நியாயமான சட்டம்தான். ஆனால் வழக்குப் போடும் உரிமை மதம் மாறியவருக்கு மட்டுமே உண்டு. மாறாத மனைவி காத்திருக்கலாம், கேட்டால் பதில் சொல்லலாம், அவ்வளவுதான். மறுமண உரிமையும் அப்படித்தான்: இளம் விதவைக்கே மறுமணம் நினைத்துப் பார்க்க முடியாத சாதியில், உயிரோடிருக்கும் கணவரை விட்டு வந்தவளுக்கு அந்த வரி என்ன தரும்? பம்பாயில் ரக்மாபாய் வழக்கு ஊரையே இரண்டாகப் பிளந்து பத்தாண்டுகூட ஆகாத காலம் அது.

திலகர் அந்தச் சட்டத்தின் பக்கம் போகவில்லை. இதை அவருக்குப் பெருமையாகச் சொல்ல வேண்டும். மனைவிக்குக் கடிதங்கள் எழுதினார், காத்திருந்தார். ஆனால் ஞானஸ்நானத்துக்கு முன்னால் மனைவியிடம் மனம்விட்டுப் பேசி முடிவெடுத்தாரா என்றால், இல்லை. மனசாட்சி என்பது அந்த நூற்றாண்டில் ஆணுக்குரியது. அவன் கடவுள் முன் தனியாக நிற்பான். மனைவிக்குச் செய்தி சொல்லப்படும்.

பிரிந்திருந்த அந்த ஆண்டுகளில் லக்ஷ்மிபாய் பண்டரிபுரத்திலும் வேறு உறவினர் வீடுகளிலும் இருந்தார். கவிதை எழுதத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். கவிஞரின் மனைவியாக அருகில் இருந்தபோது வராத கவிதை, அவர் போன பிறகு வந்தது. நானும் கவிதை எழுதுகிறவள் என்பதால் இதை அதிகம் அலசாமல் விட்டுவிடுகிறேன்.

பிறகு அவர் கணவரிடம் போனார். யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. கிறிஸ்தவராகும்படி வற்புறுத்தக் கூடாது என்ற ஏற்பாட்டோடு போனார்.

அகமத்நகரில் அமெரிக்க மராத்தி மிஷன் 1831லிருந்து வேரூன்றியிருந்தது. சிந்தியா ஃபாரர் என்ற மணமாகாத அமெரிக்கப் பெண்மணி நடத்திய பெண்பள்ளியைப் பார்த்துத்தான் ஜோதிராவ் புலேக்கு உந்துதல் பிறந்தது. சாவித்திரிபாய் பயிற்சி பெற்றதும் அங்கேதான். 1878இல் ராபர்ட் ஆலன் ஹ்யூம் அங்கே இறையியல் செமினரியைத் தொடங்கினார். பம்பாயில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர்; மராத்திக்காரர்களுக்கு மராத்தியிலேயே போதகப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று நினைத்தவர். இந்தச் செமினரியில் திலகர் கற்பித்தார். தாமும் போதகராவதற்கான பாதையில் இருந்தார்.

அந்த வளாகத்தின் நிழலில் லக்ஷ்மிபாய் தன் அடுப்பை மூட்டினார். தண்ணீர் தனி, பாத்திரம் தனி, அடுப்பு தனி. கணவர் செமினரியில் வேதாகமம் கற்பிக்கிறார், மனைவி வீட்டில் மடி ஆசாரம் காக்கிறார். வெளியிலிருந்து பார்த்த மிஷனரிகளுக்கு இது பொறுமையோடு கடக்க வேண்டிய இடைக்காலமாகத் தெரிந்திருக்கும். எனக்கு இதுதான் கதையின் உச்சம். நம்பாத ஒன்றை நம்புவதாகச் சொல்லி வாழ மறுத்த ஒரு பெண், அதே நேரம் தன் குடும்பத்தை இழக்கவும் மறுத்தார். இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துக்கொள்ள அவருக்குக் கிடைத்த கருவி ஒரு தண்ணீர்க்குடம்தான். இறையியலாளர்கள் ஏடுகளில் வைத்து விவாதிப்பதை அவர் சமையலறையில் வைத்து வாழ்ந்தார். அவர் அப்பா உப்பைக் கழுவியதும் அதே சமையலறையின் தொடர்ச்சிதான்.

ஒரு நாள் அந்தக் குடம் உதவவில்லை. தாகம், விலக்கப்பட்ட தண்ணீர். குடித்ததற்குப் பிறகுதான் யோசனை ஓடியது. விலங்குகளிலும் பறவைகளிலும் இனவேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது, மனிதரில் ஆண், பெண் என்பதைத் தவிர வேறென்ன தெரிகிறது? சாதி கடவுள் செய்ததல்ல, மனிதர் செய்தது என்ற முடிவுக்கு வந்தார். இனி யார் கையாலும் சாப்பிடுவேன் என்றார். கவனிக்க வேண்டியது வரிசையை. திலகர் முதலில் கிறிஸ்துவிடம் வந்தார், அதனால் சாதி போனது. லக்ஷ்மிபாய்க்கு முதலில் சாதி போனது. ஞானஸ்நானம் அதற்குப் பிறகு, 1900இல். போதகர்கள் இந்த வரிசையை அதிகம் பேசுவதில்லை. சாதியை வைத்துக்கொண்டே ஞானஸ்நானம் பெற்ற பல தலைமுறைகளைக் கண்ட நம் திருநெல்வேலிக்கும் தஞ்சாவூருக்கும் அந்த வரிசை சங்கடமானது.

இன்னொரு சங்கடமும் உண்டு. அது லக்ஷ்மிபாயின் பக்கத்தைச் சேர்ந்தது. அகமத்நகர் சபையில் பெரும்பான்மையோர் மஹார்களும் மாங்குகளும். செமினரியில் படிக்க ஊர்களிலிருந்து வந்த குடும்பங்களும் பெரும்பாலும் அவர்களே. அந்தப் பெண்களும் மூட்டை கட்டிக்கொண்டு, கைக்குழந்தையை இடுக்கிக்கொண்டு வந்தவர்கள்தான். அவர்கள் தண்ணீர் குடித்த கதையை யாரும் புத்தகமாக்கவில்லை. ஒரு பிராமணப் பெண் அவர்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தது வரலாறானது. ஊர்க் கிணற்றில் அவர்கள் மொள்ள முடியாமல் இருந்தது மிஷன் அறிக்கையில் ஒரு வரியானது. லக்ஷ்மிபாயின் தைரியத்தைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவருடைய தன்வரலாற்றை வகுப்பில் வைக்கும்போதெல்லாம் தலித் மாணவிகள் முதலில் கேட்பது இதைத்தான்: அந்தக் குவளையை நீட்டியவளின் பெயர் என்ன?

அகமத்நகரிலிருந்து சென்னைக்கும் ஒரு பாதை இருக்கிறது. திலகருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அதே ஊரில் கிறிஸ்தவரான பிராமணர் ஹரிபந்த் கிஸ்தி. அவர் மனைவி ராதாபாய். இவர்கள் மகள் கிருபாபாய் 1862இல் பிறந்தார். மருத்துவம் படிக்கச் சென்னைக்கு வந்தார். உடல்நலம் இடம் கொடுக்காமல் படிப்பை விட்டார். தங்கியிருந்த போதகர் டபிள்யூ. டி. சத்தியநாதன் வீட்டிலேயே மகன் சாமுவேலை மணந்து கிருபாபாய் சத்தியநாதன் ஆனார். அவருடைய மாமியார் அன்னா சத்தியநாதன், திருநெல்வேலி ஜான் தேவசகாயத்தின் மகள், சென்னையில் பெண்பள்ளிகள் நடத்தியவர். கிருபாபாய் ஆங்கிலத்தில் எழுதிய 'சகுணா' தமிழிலும் வந்தது. அதில் வரும் தாய் ராதா, விருப்பமில்லாமலே கிறிஸ்தவக் கணவன் வீட்டுக்குக் கொண்டுவரப்படுகிறாள். சாப்பிட மனமில்லாமல் அழுகிறாள், மெல்ல மெல்ல மாறுகிறாள். மகள் எழுதியதால் அந்த மாற்றத்தில் ஒரு மென்மை படிந்திருக்கிறது. ராதாவே எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று லக்ஷ்மிபாயைப் படித்த பிறகுதான் யோசிக்க முடிகிறது.

ஞானஸ்நானத்துக்குப் பிறகு லக்ஷ்மிபாயின் வீடு நிறைந்துபோனது. 1899-1900 பஞ்சம் அந்த வட்டாரத்தை வாட்டியது. அனாதைப் பிள்ளைகள் மிஷனைத் தேடி வந்தார்கள். திலகர் எங்கிருந்தாவது ஒரு பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார். எங்கே படுக்கவைப்பது, எதைப் போடுவது என்பது லக்ஷ்மிபாயின் கவலை. பிளேக் வந்தபோது நோயாளிக் குழந்தைகளிடம் போய் உட்கார்ந்தார். 1904இல் திலகர் குருப்பட்டம் பெற்றார். போதகருக்கு மிஷன் சம்பளம் கொடுத்தது. போதகரின் மனைவி செய்த வேலைக்குச் சம்பளப் பட்டியலில் இடம் கிடையாது. இன்றும் நம் சபைகளில் ஐயரம்மா பெண்கள் ஐக்கியம் நடத்துகிறார், ஓய்வுநாள் பள்ளியைப் பார்த்துக்கொள்கிறார், மாற்றல் உத்தரவு வந்ததும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சான்றிதழ் வாங்க அலைகிறார். உத்தரவில் அவர் பெயர் இருக்காது.

1917இல் திலகர் மிஷன் சம்பளத்தைத் துறந்தார். கிறிஸ்தவச் சந்நியாசியானார், 'தேவனின் தர்பார்' என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றவரும் பெறாதவரும் சேரும் ஒரு கூட்டுறவை நிறுவ முயன்றார். இந்தியக் கிறிஸ்தவ வரலாற்றில் இது மிக அழகான கனவுகளில் ஒன்று என்பதில் ஐயமில்லை. வீட்டில் அரிசிக்கு என்ன வழி என்பது கனவில் சேராது. இரண்டாவது முறையாக அவர் புறப்பட்டார். இரண்டாவது முறையாக அவர் மனைவி கணக்குப் போட்டார். 1919 மே மாதம் திலகர் மும்பையில் இறந்தார்.

லக்ஷ்மிபாய் அதற்குப் பின் பதினேழு ஆண்டு இருந்தார். மும்பை, மகனோடு கராச்சி, கடைசியில் நாசிக். திலகரின் வாழ்க்கை வரலாற்றுக்காக மகன் தேவதத்தர், அதாவது பழைய தத்து, அம்மாவிடம் நினைவுகளை எழுதித் தரச் சொன்னார். அவர் எழுதத் தொடங்கியது 'ஸ்மிருதிசித்திரே' ஆனது. கணவரின் கதைக்குக் கச்சாப்பொருளாகக் கேட்கப்பட்டது, மராத்தி உரைநடையின் பெரிய சாதனைகளில் ஒன்றாக முடிந்தது. அதில் திலகர் மகானாகவும் இருக்கிறார், சகிக்க முடியாத கணவராகவும் இருக்கிறார். ஒன்று மற்றதை மறைப்பதில்லை. புலம்பல் இல்லை, பழிதீர்ப்பு இல்லை. பேச்சு மொழி, சின்ன வாக்கியம், தன்னையும் விட்டுவைக்காத கேலி. பள்ளிக்கூடம் போயிருந்தால் அந்த உரைநடையைத் திருத்திக் கெடுத்திருப்பார்கள் என்று தோன்றும். ஆங்கிலத்தில் ஜோசஃபின் இங்க்ஸ்டர் 1950இல் மொழிபெயர்த்தார்; 2017இல் சாந்தா கோகலே முழுமையாக மொழிபெயர்த்தார். மாணவிகள் சாந்தா கோகலேயின் மொழிபெயர்ப்பைத் தேடிப் படிக்கலாம்.

'கிறிஸ்தாயன்' பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கிறிஸ்துவின் வாழ்க்கையைக் காவியமாகப் பாட வேண்டும் என்பது திலகரின் ஆசை. பத்து அத்தியாயங்கள் எழுதிவிட்டு இறந்தார். மீதியை லக்ஷ்மிபாய் எழுதினார். அறுபத்து நான்கு அத்தியாயங்கள். 'திலகரின் முற்றுப்பெறாத காவியத்தை அவர் மனைவி நிறைவு செய்தார்' என்றே பெரும்பாலும் எழுதுகிறார்கள். பத்து எழுதியவர் ஆசிரியர், அறுபத்து நான்கு எழுதியவர் நிறைவு செய்தவர்!

1936 பிப்ரவரி 24 அன்று நாசிக்கில் லக்ஷ்மிபாய் இறந்தார். 'ஸ்மிருதிசித்திரே'யின் கடைசிப் பாகம் அதற்குப் பிறகு அச்சானது. அவர் எழுதிவந்த கதை கராச்சிப் பக்கங்களோடு நின்றிருந்தது.